யாருக்கு லீவு?

(இரவுப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளின் படிப்பு அறுந்து போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேசச் சொன்னார்கள். நான் கல்வியாளன் இல்லை. பகலில் வங்கிக் கவுண்டரில் செலான் வாங்குகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன், எங்க காலனி இரவுப் பள்ளியில் வாரத்துக்கு மூணு நாள் உட்காருகிறவன். அதனால இந்தப் பேச்சுல கல்வி உளவியல் கொஞ்சமாவும் கணக்கு அதிகமாவும் இருக்கும். பொறுத்துக்குங்க.

முதல்ல கணக்கையே பார்த்துடலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்பு வரை வருஷத்துக்குக் குறைந்தது 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. 365ல் 200 போனால் மிச்சம் 165. இந்த 165 நாளும் பிள்ளை யார் கையில் இருக்கிறது? வீட்டில் படித்த அம்மா அப்பா, புத்தக அலமாரி, நீச்சல், அபாகஸ், பாட்டு வகுப்பு, ஊட்டி என்று இருக்கிற பிள்ளைக்குப் பள்ளி மூடினாலும் படிப்பு மூடுவதில்லை. நம்ம பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணுதான் எழுத்து இருக்கிற இடம். அதைப் பூட்டிட்டா அவ்வளவுதான்.

எழுத்து மட்டுமா? சோறும் அங்கதான் இருக்கு. 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, ரெண்டும் பள்ளி நாளுக்குத்தான். ‘லீவு விட்டாச்சு’ன்னு பிள்ளை குதிச்சுக்கிட்டு ஓடி வரும்போது, அவ அம்மா மனசுல ரெண்டு வேளைச் சோத்துக்கான கணக்கு ஓடும். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனா வறட்சின்னா அரசு அறிவிக்கணும். சித்திரை மாசத்துல காலனி அடுப்புல வர்ற வறட்சியை எந்தத் தாசில்தார் அறிவிப்பார்?

விடுமுறை என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பாபாசாகேப் அம்பேத்கரின் 1901ஆம் வருஷத்துக் கோடை விடுமுறை. அவரே எழுதி வைத்திருக்கிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் முதல் சம்பவம் அதுதான். பத்து வயசுப் பிள்ளை. சதாராவில் படிக்கிறார். அப்பா ராம்ஜி, பஞ்ச நிவாரணத்துக்காக ஏரி வெட்டுகிற இடத்தில் கோரேகாவ்னில் காசாளர் வேலை. (காசாளர் என்று படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம தொழில்!) விடுமுறைக்கு வாங்கடான்னு அப்பா கடுதாசி போடுறார். அண்ணன், அக்கா பிள்ளைகள் ரெண்டு பேர், இவர். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, புது ஜோடு, பட்டுக்கரை வேட்டி. ரயிலேறி மசூர் ஸ்டேஷன்ல இறங்குறாங்க. கூப்பிட ஆள் வரலை. நல்ல துணிமணி போட்ட பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அக்கறையாத்தான் விசாரிக்கிறார். மகர் என்று சொன்னதும் முகம் மாறிப்போகுது. காசு குடுத்தாலும் வண்டி வரலை. கடைசியில் ரெட்டை வாடகை. அப்பவும் வண்டிக்காரன் கூட உட்கார மாட்டான். பிள்ளைங்களே ஓட்டணும், அவன் பக்கத்துல நடந்து வருவான். கையில் கட்டுச்சோறு இருக்கு, குடிக்கத் தண்ணி இல்லை. சுங்கச்சாவடிக்காரனிடம் முஸ்லிம் என்று சொல்லியும் தண்ணி கிடைக்கலை. அப்படியே படுத்துத் தூங்கின ராத்திரி அது.

பள்ளிக்கூடத்தில் சாக்கு மேல் தனியாக உட்கார வைத்தது அவருக்கு முன்னமே தெரியும். ஆனால் அழியாத வடுவாகப் பதிந்தது இந்த விடுமுறைப் பயணம்தான் என்று சொல்கிறார். நாம ‘லீவுல பிள்ளை ஒண்ணும் கத்துக்கலை’ன்னு பேசிக்கிட்டிருக்கோம். தப்பு. நிறையக் கத்துக்குது. எந்தத் தோப்புல கால் வெச்சா அடி விழும், எந்தக் கிணத்துல குதிக்கக் கூடாது, எந்தத் தெருவுல சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும், எந்த வீட்டு வேலைக்குக் கூப்பிட்டா அப்பா மறுக்க முடியாது, இதெல்லாம் பாடமாக நடப்பது விடுமுறையில்தான். இந்தப் பள்ளிக்கு டீச்சர் பற்றாக்குறையே கிடையாது. ஆக, கோடையில் பாடம் நடத்தலாமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. யார் நடத்துவது என்பதுதான் கேள்வி.

இதைச் சட்டத்துக்குள்ளேயே பார்க்கலாம். 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினாலு வயசுக்குக் கீழே யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதினார்கள். இன்னொரு கையால் ஒரு விலக்கு: பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாட்களிலும், ஆபத்தான பட்டியலில் வராத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம். குடும்பம்னா அம்மா அப்பா மட்டும் இல்ல, சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா எல்லாம் அதுல வர்றாங்க. ‘விடுமுறை’ங்கிற சொல் சட்டத்துலயே இருக்கு, கவனிங்க.

இந்த நாட்டில் குடும்பத் தொழில் என்றால் என்ன? 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூணு மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டித் தமிழ்நாடே எதிர்த்தது. 1954ல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது. அன்றைக்கு வாசலில் தடுத்து நிறுத்தியதை 2016ல் லீவு என்கிற கொல்லைப்புறக் கதவு வழியாக விட்டிருக்கிறார்கள். 1953 திட்டத்துக்கு எதிராக இன்றைக்கும் மேடை போடுகிற பெரிய கட்சிகள் எல்லாம் இந்த ஒரு வரிக்கு எதிராக எத்தனை மேடை போட்டார்கள்? உட்சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும்தானே இந்தச் சட்டம் என்பார்கள். சட்டம் எல்லாருக்கும்தான். வக்கீல் வீட்டுப் பிள்ளை லீவுல அப்பா ஆபீஸ்ல உட்காந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டும். துப்புரவு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை?

நான் சூளைப் பிள்ளை. தை மாசம் மேஸ்திரிகிட்ட அட்வான்ஸ் வாங்கினா ஆனி வரைக்கும் குடும்பத்தோட சேம்பர்ல இருப்போம். எங்க ‘கோடை விடுமுறை’ பொங்கலோட ஆரம்பிச்சிடும். அறுத்துப் போட்ட ஈரக் கல்லு ஒரு பக்கம் காய்ஞ்சதும் திருப்பி வைக்கணும். சின்னக் கைதான் அதுக்கு வாட்டம், கல்லு முனை உடையாது. எத்தனை கல்லு திருப்பினாலும் கணக்கு அப்பா பேர்லதான் ஏறும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி, அதுல எத்தனை கல்லு எந்தக் கை திருப்பினதுன்னு எந்த நோட்டும் சொல்லாது. ஆய்வுக்கு வர்ற அதிகாரிக்கு நாங்க விளையாடிக்கிட்டிருக்கிற பிள்ளைங்க. அந்த நாலஞ்சு மாசத்துல நான் பார்த்த எழுத்து, அச்சுல இருந்த மூணு இங்கிலீஷ் எழுத்து. முதலாளியோட இனிஷியல். ஜூன்ல பள்ளிக்கூடம் போனா, வாத்தியார் ஒருத்தர் ‘மண்டையில மண்ணுடா’ம்பார். மண்ணுதான் இருந்தது, வேற என்ன இருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியுறதுக்கும் ரிசல்ட் வர்றதுக்கும் நடுவுல புரோக்கர் வந்துடுவார். ஸ்பின்னிங் மில், ஹாஸ்டல், மூணு வருஷம் முடிஞ்சா கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகை. அதுக்கு ‘சுமங்கலித் திட்டம்’னு மங்களகரமா ஒரு பேரு. ரிசல்ட்ல பாஸானாலும் பிள்ளை ஊர்ல இருக்காது. சின்னதுங்களுக்குத் தம்பி தங்கச்சியைத் தூக்கி வெச்சுக்கிற வேலை. லீவு முடிஞ்சும் இடுப்புல இருந்து அது இறங்காது. நான் சொல்ல வர்றது இதுதான்: நம்ம பிள்ளை படிப்பை விடுறது ஒரு நாளில் நடக்கிற சம்பவம் இல்லை. மே மாசம் ‘சும்மாதானே இருக்கே’ன்னு அனுப்புறாங்க, ஜூன்ல ‘ஒரு வாரம் கழிச்சுப் போலாம்’ங்கிறாங்க, ஜூலையில பேர் அடிச்சிடுறாங்க.

இதை ஆய்வாகவும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1982ல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, பள்ளி திறக்கும்போதும் மூடும்போதும் தேர்வு வைத்துப் பார்த்தார்கள். பள்ளி நடக்கிற மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்கிறார்கள், இடைவெளி விரிவது கோடையில்தான் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்த இடைவெளி அவ்வளவு பெரிசா என்று சந்தேகப்படுகிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, கொரோனா காலம் இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒண்ணு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ல்தான் திறந்தன. உலகத்திலேயே நீளமான லீவுகளில் ஒண்ணு. 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ் முதலானோர் சேர்ந்து தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். கிராமத்தில் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தது நூற்றுக்கு 4 பேர். மற்ற பிள்ளைகளில் 15 பேர். ஒரே கிராமம், ஒரே வறுமை என்று பேசுகிற நம் இடதுசாரி நண்பர்கள் இந்த நாலையும் பதினஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

இரவுப் பள்ளி நமக்குப் புதுசு இல்லை. மகாத்மா ஃபுலேயும் சாவித்திரிபாயும் 1855லேயே உழைப்பாளிகளுக்கு மாலைப் பள்ளி நடத்தினார்கள். அதே ஆண்டு அவர்களுடைய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மகர் மாங் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி அச்சில் வந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். சென்னையில் எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்தினார். நாம் அந்தத் தொடர்ச்சி. ஆனால் கோடைக்கென்றே ஒரு இயக்கம் பள்ளி கட்டியது என்றால், எனக்குத் தெரிந்து மிசிசிப்பிதான். பம்பாயில் 1972ல் நம் தோழர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களுக்குப் பெயர் வைத்தார்கள். அவர்களுக்கும் முந்தின கதை இது.

மிசிசிப்பி டெல்டாவில் கறுப்புப் பிள்ளைகளின் பள்ளி நாட்காட்டியைப் பருத்திச் செடிதான் எழுதியது. பருத்தி பறிக்கிற மாதங்களில் பள்ளியை மூடிவிடுவார்கள். வெயில் கொளுத்துகிற ஜூலை, ஆகஸ்டில் திறப்பார்கள். நம்ம சூளைக் காலண்டர் மாதிரியேதான். ஹோவர்ட் பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்கு வந்த சார்லி காப் என்ற இளைஞர், 1963 டிசம்பரில் ஒரு யோசனை எழுதினார்: அடுத்த கோடையில் விடுதலைப் பள்ளிகள் நடத்துவோம். ஆயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். 1964 கோடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ரெண்டாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். தேவாலயம், வீட்டுத் திண்ணை, மரத்தடி. வாசிப்பு, கணக்கு, கறுப்பு மக்களின் வரலாறு. பிள்ளைகளே தட்டச்சு செய்து பத்திரிகை போட்டார்கள். பாடத்திட்டத்தின் நடுவில் சில கேள்விகளை வைத்திருந்தார்கள். வெள்ளைச் சமூகத்திடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம், நம்மிடம் இருப்பதில் எதை விடக் கூடாது என்கிற மாதிரி.

இதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதலைப் பள்ளி நடத்த இடம் தர ஒப்புக்கொண்ட ஒரு தேவாலயத்தை அந்த ஜூனில் எரித்தார்கள். அதைப் பார்த்து விசாரிக்கப் போன ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூணு பேரும் 1964 ஜூன் 21ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பது அரசியல் இல்லை, சமூக சேவை என்று நம்மில் சிலர் சொல்கிறபோது எனக்கு இந்தத் தேதி ஞாபகம் வரும். எரித்தவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது அது என்ன வேலை என்று.

அதே நேரம் ஒரு குறையும் உண்டு. வடக்கிலிருந்து வந்த மாணவர்கள் பெரும்பாலோர் ஆகஸ்ட் முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள். உள்ளூர் ஆட்கள்தான் மிச்சத்தைச் சுமந்தார்கள். இங்க உட்கார்ந்திருக்கிற கல்லூரித் தோழர்களைப் பார்த்துத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மே மாசம் பத்து நாள் முகாம், கடைசி நாள் கலைநிகழ்ச்சி, ஒரு குரூப் போட்டோ. ஜூன்ல எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகலைன்னு யாருக்கும் தெரியாது.

பறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடை முகாம் என்றாலே பறைப் பயிற்சி என்று ஆகியிருக்கிறது. பறையைக் கலையாக மீட்பதா, இழிவுத் தொழிலாக உதறுவதா என்ற விவாதத்துக்கு இப்போது நான் போகவில்லை. மிசிசிப்பிக் கேள்வியை வைத்தே இதைப் பார்க்கலாம். எதை விடக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பிள்ளை. ரெண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டக் கூட முடியாத அஞ்சாம் வகுப்புப் பையன் கையில பறையைக் குடுத்துட்டு, நகரத்துல இருந்து வந்தவங்க ‘என்ன அடவு, என்ன தாளம்’னு சிலாகிக்கும்போது எனக்கு வயிறு எரியுது. அவங்க வீட்டுப் பிள்ளை கோடையில எந்த வகுப்புக்குப் போகுதுன்னு கேட்டுப் பாருங்க. பறை அடிக்கட்டும். முதல்ல வாசிக்கட்டும்.

‘பிள்ளைங்க விளையாடட்டுமே, லீவுலயும் பாடமா’ன்னு ஒரு தோழர் காலையில கேட்டார். நியாயம்தான். பள்ளிக்கூடத்தோட இன்னொரு கிளையைத் திறக்கச் சொல்லலை. பாடப்புத்தகத்தைக் கோடையில் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. எங்க பள்ளியில் என்ன செய்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டரை. அதுக்கு முன்னால வெயில். 2024ல் அரசே வெயிலுக்குப் பயந்து பள்ளி திறப்பை ஜூன் 10க்குத் தள்ளி வைத்தது. வேலைக்குப் போன பிள்ளையும் ஆறரைக்கு வந்துடும், அதுதான் முக்கியம். வேலைக்குப் போற பிள்ளையைத் திட்டி அனுப்பினா அதோட சரி. வாசிக்க ஊரில் கிடைக்கிற எழுத்தே போதும். டீக்கடையில் நேத்தைய பேப்பர், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, மருந்து அட்டை, பஸ் போர்டு. கல்யாணப் பத்திரிகையைப் பிள்ளைகள் வரிசையாக வாசித்தால் அதுவே ஒரு சமூகவியல். ‘இதுல ஏன் சாதிப் பேரு போட்டிருக்கு, நம்ம பத்திரிகையில ஏன் போடலை’ன்னு போன வருஷம் ஒரு பொண்ணு கேட்டா. அன்னிக்கு வேற எதுவும் நடத்தலை.

எழுதுறதுக்கு ஆயாக்கள்கிட்ட அனுப்புவோம். கதை கேட்டு, ஆயா சொன்ன வார்த்தையிலேயே எழுதணும். ‘இன்னா’ன்னு சொன்னா ‘இன்னா’ன்னே எழுதணும், ‘என்ன’ன்னு திருத்தக் கூடாது. மறுநாள் அதை ஆயாவுக்கே படிச்சுக் காட்டணும். தான் பேசினது தாளில் இருக்கிறதைக் கேட்டு ஒரு ஆயா, ‘திரும்பப் படிடா’ன்னு மூணு தடவை படிக்க வெச்சாங்க. மூணாவது தடவை அந்தப் பையன் தடங்கலே இல்லாம படிச்சான். திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறதுக்குப் பயிற்சிக் கல்லூரியில என்னென்னவோ முறை சொல்றாங்க.

கணக்குக்குத் தாயமும் பல்லாங்குழியும். பெரிய பிள்ளைகளுக்குச் செலான். கிழிச்சுப் போட வேண்டிய பழைய வெத்துச் செலான்களைக் கேட்டு வாங்கிட்டு வருவேன். தொகையை எண்ணால எழுதணும், எழுத்தால எழுதணும், நோட்டு வாரியா பிரிச்சு எழுதணும். எங்க கவுண்டர்ல தினமும் பார்க்கிறேன். நகைக் கடன் வைக்க வர்ற நம்ம ஜனம், யாராவது பேனாக்காரன் கண்ணுல படுவானான்னு செலானைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கும். எழுதிக் குடுக்கிறவன் என்ன எழுதினான்னு தெரியாமலே கையெழுத்து. எட்டாம் வகுப்புப் பிள்ளை அம்மாவோட வந்து தானே எழுதிக் குடுத்தா, அந்த அம்மா நிக்கிற நிலையே வேற மாதிரி இருக்கு.

அதுக்கு அடுத்தது அட்வான்ஸ் கணக்கு. சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வாங்கின முன்பணம் எவ்வளவு, வாரம் எவ்வளவு செலவுக்காசு, எத்தனை கல்லு, எத்தனை டன், கழிச்சது எவ்வளவு. வீட்டுல கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டு வரணும். பெரியவங்களுக்கு முதல்ல பயம். மேஸ்திரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஆன இடமும் உண்டு. ஒரு பிள்ளை போட்ட கணக்குக்கும் மேஸ்திரி நோட்டுக்கும் ஒத்துவரலை, அந்த வருஷம் எங்க பள்ளி நடந்த கோயில் திடல் விளக்கை யாரோ கல்லால உடைச்சாங்க. விளக்கை மாத்திட்டோம். இதைச் செய்யப் போறவங்க ஆள் பலத்தோட செய்யுங்க, பிள்ளையைத் தனியா முன்னால நிறுத்தாதீங்க.

கடைசியா சோறு. இதுதான் பெரிய தலைவலி. கஞ்சியாவது ஊத்தாம ராத்திரி எட்டரை வரைக்கும் பிள்ளையை உட்கார வைக்க முடியாது. எங்க ஊர்ல பெண்கள் குழுவுல பேசி வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுக்கிறோம், விறகு பிள்ளைங்க பொறுக்கிட்டு வருது. இது நிரந்தர வழி இல்லை. விடுமுறையிலும் சத்துணவுக் கூடம் திறக்கணும்னு ஒவ்வொரு ஊரிலிருந்தும் கலெக்டர் மனுநாளில் மனு கொடுக்கணும். பிள்ளைங்களே எழுதின மனுவா இருக்கட்டும், அதுவும் ஒரு பயிற்சிதான். 2004 உத்தரவையும் அதுல குறிப்பிடுங்க.

இப்ப ஒரு நோட்டு சுத்துக்கு விடுறேன். மூணு கலம் கோடு போட்டிருக்கேன். ஊர் பேரு, கோடைப் பள்ளிக்கு வரப்போற பிள்ளைங்க எண்ணிக்கை, ஜூன்ல பள்ளிக்கூடம் திரும்பாத பிள்ளைங்க பேரு. முதல் ரெண்டையும் இங்கேயே எழுதிடுங்க. மூணாவதை அப்படியே வெத்தா விடுங்க, ஜூன் கடைசி வாரத்துல நான் ஊர் ஊரா வந்து கேட்டு எழுதிக்கிறேன்.